பின் சீட்டு வேதாளங்கள்: பிள்ளைகளோடு நெடுவழிக் கார் பயணம்

சென்னையிலிருந்து இலஞ்சிக்குக் காரில் வருவதென்றால் 600 கிலோமீட்டருக்கு மேல். சாப்பாடு, டீ, டீசல் எல்லாம் சேர்த்து 11, 12 மணி நேரம் ஆகிவிடும். பெரியவர்களுக்கு இது அலுப்பு. ஐந்து வயசுப் பிள்ளைக்கோ இது ஒரு முழுப்பகல், அதுவும் கட்டிப்போட்ட பகல்.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்துக்காரர்கள் ரயிலில்தான் வருவார்கள். இன்றும் பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் அதுதான் சௌகரியம். ரயிலில் பிள்ளை நடக்கலாம், மேல் பெர்த்தில் ஏறி இறங்கலாம், எதிர் சீட்டு ஆச்சியிடம் முறுக்கு வாங்கித் தின்னலாம். காரில் இது எதுவும் கிடையாது. உட்கார்ந்த இடம் உட்கார்ந்த இடம்தான். சீசனுக்கும் லீவுக்கும் டிக்கெட் கிடைக்காமல் காரில் கிளம்புகிற குடும்பங்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றன. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பிள்ளை கையில் போன் போய்விடுகிறது. விழுப்புரம் வரும்போது வாந்தி. திருச்சியில் அழுகை. மதுரையில் அடி.

இதற்கு என்ன செய்யலாம் என்று கொஞ்சம் படித்ததையும், சொந்தக்காரப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்ததையும் சேர்த்து எழுதிவைத்த குறிப்பு இது. சுருக்கமாகச் சொன்னால், பொம்மையும் போனும் எவ்வளவு கொடுத்தாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். பிள்ளையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டால் பாதி வேலையை ரோடே பார்த்துக்கொள்ளும். ஏன், எப்படி என்பதைப் பார்ப்போம்.

வழிநடைச் சிந்து செய்த வேலை

வழி அலுப்பு நமக்குப் புதிதில்லை. கால்நடையாகவே கோயிலுக்குப் போன காலத்தில் அதற்கென்றே ஒரு பாட்டு வகை இருந்தது. வழிநடைச் சிந்து என்று பெயர். நடக்கிறவர் கூட வருகிறவரிடம் இதோ இந்த ஊர் பார், இதோ இந்தக் குளம் பார், இந்தச் சோலை பார் என்று வழியில் வருவதை எல்லாம் வரிசையாகக் காட்டிக்கொண்டே பாடுவதுதான் அதன் அமைப்பு. பாட்டின் தாளத்தில் கால் போகும், பாட்டின் பொருளில் கண் போகும். நடந்த தூரம் தெரியாது.

இதற்கு நம் மாவட்டத்திலேயே உறவு உண்டு. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். 1891இல், இளம் வயதிலேயே மறைந்துபோனவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழியில் பாடுவதற்காக அவர் பாடியதே காவடிச் சிந்து என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இப்போதும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பாடிக்கொண்டுதான் போகிறார்கள். பாட்டு நின்றால் கால் வலி தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழியை மறக்கடிப்பதற்கு அந்தப் பாட்டு வேறு எதையும் தேடிப் போகவில்லை. வழியில் இருப்பதையே எடுத்துக்கொண்டது. காருக்குள் போன் செய்வது இதற்கு நேர் எதிர் வேலை. ரோடு ஒரு பக்கம் ஓடும், பிள்ளையின் கண் வேறு எங்கோ இருக்கும். வாந்தி தொடங்குவதும் அங்கேதான்.

காதும் கண்ணும் போடும் சண்டை

நம் உள்காதில் அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உடம்பு திரும்புவதை அவை மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே இருக்கும் வேறு இரண்டு உறுப்புகள், வேகம் கூடுவதையும் குறைவதையும் சாய்வதையும் சொல்லும். கார் வளைந்தால், பிரேக் போட்டால், குண்டுகுழியில் இறங்கி ஏறினால் காது உடனே தகவல் அனுப்பிவிடும். கண்ணோ மடியில் இருக்கும் போனைப் பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. ஒன்று ஓடுகிறோம் என்கிறது, இன்னொன்று நிற்கிறோம் என்கிறது. இந்த முரண்பாட்டில் மூளை குழம்பும்போதுதான் குமட்டல் வருகிறது. படக்கதைப் புத்தகம் படித்தாலும் இதேதான், படம் வரைந்தாலும் இதேதான்.

இரண்டு வயசுக்குக் கீழே இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயசு வரை அதிகம். இன்னொரு காரணமும் இருக்கிறது. சின்னப் பிள்ளை பின் சீட்டில் தாழ்வாக உட்கார்ந்தால் அதற்குத் தெரிவது முன் சீட்டின் முதுகு மட்டும்தான். அதுவும் அசையாத பொருள். பிள்ளையைக் குழந்தை இருக்கையிலோ, வயசுக்கேற்ற பூஸ்டரிலோ கொஞ்சம் உயர்த்தி உட்காரவைத்தால் பாதுகாப்பும் ஆச்சு, வெளியே தூரத்தில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். தூரத்து மலையையோ அடிவானத்தையோ பார்க்கும்போது கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும். ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவதில்லையே, கவனித்திருக்கிறீர்களா? அவர் கண் ரோட்டில் இருக்கிறது, அடுத்த வளைவு வருவது அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

வாந்திக்கு முன்னால் அறிகுறி உண்டு. சளசளவென்று பேசிக்கொண்டே வந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தும். கொட்டாவி விடும். முகம் வெளிறும், நெற்றி வேர்க்கும். அப்போதே வண்டியை ஓரமாக நிறுத்தி, இறக்கி, காற்றில் ஐந்து நிமிஷம் நிற்கவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிளம்பும் முன்னால் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு மருந்து இருக்கிறது. ஆனால் டாக்டரைக் கேட்டு, வயசுக்கும் எடைக்கும் தக்கபடி கொடுக்க வேண்டும். மெடிக்கல் கடையில் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ஆக ஜன்னல் விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. உடம்புக்கும் அதுதான் நல்லது.

"இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?"

தாம்பரம் தாண்டியதும் இந்தக் கேள்வி வரும். "இன்னும் பத்து மணி நேரம்" என்று சொல்வோம். பத்து நிமிஷத்தில் மறுபடியும் வரும். பிள்ளை வம்புக்குக் கேட்கவில்லை, நாம் சொன்ன பதில் அதற்குப் புரியவில்லை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதைத்தான் ஆராய்ந்தார். 1928இல் டாவோஸ் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஐன்ஸ்டீன் கேட்ட கேள்விதான் தன்னை இதில் இறக்கிவிட்டது என்று பியாஜே பின்னால் எழுதினார். காலம் பற்றிய அறிவு பிள்ளைகளுக்குத் தானாகவே இருக்கிறதா, இல்லை வேகத்தைப் பார்த்துத்தான் வருகிறதா என்பது கேள்வி. இரண்டு பொம்மைகளை ஒரே நேரத்தில் கிளப்பி ஒரே நேரத்தில் நிறுத்துவார். ஒன்று வேகமாகப் போனதால் கூடுதல் தூரம் போயிருக்கும். எது அதிக நேரம் ஓடியது என்று கேட்டால், தூரம் போனதுதான் என்று சின்னப் பிள்ளைகள் சொல்லும். அந்த வயசில் நேரமும் தூரமும் கலந்தே கிடக்கின்றன. 1946இல் இது புத்தகமாக வந்தது.

அதனால் பிள்ளைக்கு மணிக்கணக்கு சொல்வதைவிட இடக்கணக்கு சொல்வது மேல். முந்தின நாள் ராத்திரியே ஊர்ச் சங்கிலி ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்: செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர், மதுரை, திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, இலஞ்சி. பதினாறு பெயர். ஒரு நூலில் பதினாறு முடிச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். ஊர் தாண்டத் தாண்ட ஒவ்வொன்றாக அவிழ்க்கட்டும். எவ்வளவு மிச்சம் என்பது விரலுக்கே தெரியும். கேள்வி முற்றிலும் நிற்காது. ஆனால் "இன்னும் எத்தனை முடிச்சு?" என்று மாறும். அதற்குப் பதில் அதன் கையிலேயே இருக்கிறது. முடிச்சை இறுக்கமாகப் போடாதீர்கள், பிறகு அவிழ்க்கிற வேலை உங்களுக்கு வந்துவிடும்.

சுங்கச்சாவடிகளையும் இதோடு சேர்க்கலாம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர் என்று அவை வருகின்றன. நமக்குக் காசு போகிற இடம். பிள்ளைக்கு ஒரு அத்தியாயம் முடிகிற இடம். சாவடி தாண்டியதும் விளையாட்டை மாற்றிவிட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் எதுவும் சலிக்காது.

இந்த ரோட்டின் விளையாட்டுகள்

ஆறு வந்தால் "மணலா, தண்ணியா?" ஆடலாம். பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வைகை, கடைசியில் நம்ம சிற்றாறு. ஒவ்வொரு பாலத்துக்கும் கொஞ்சம் முன்னால் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாலாற்றில் பெரும்பாலும் மணல் என்றவர்தான் ஜெயிப்பார். காவிரியில் எப்படியும் நடக்கலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை "ஏன் இதுல தண்ணி இல்லை?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேச விஷயம் கிடைத்தது என்று அர்த்தம்.

வண்டி நம்பர் வேட்டை எல்லா ஊரிலும் உள்ளதுதான். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகத் தேடுவார்கள். நமக்கு ஊர் ஊராகவே தேடலாம். டி.என். 19 செங்கல்பட்டு, 32 விழுப்புரம், 46 பெரம்பலூர், 45 திருச்சி, 58 மதுரை, 67 விருதுநகர், 72 திருநெல்வேலி, 76 தென்காசி. சென்னையை விட்டுக் கிளம்பியதும் "76 யார் முதல்ல பார்க்கிறது?" என்று போட்டி வையுங்கள். ஊர்க்கார வண்டி ஒன்று விழுப்புரத்தில் தட்டுப்பட்டால் பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்க வேண்டும். திருமங்கலம் தாண்டினால் 76 சாதாரணமாகிவிடும். அப்போது கே.எல். வண்டிக்கு மாறிக்கொள்ளலாம்: 02 கொல்லம், 24 கொட்டாரக்கரை, 25 புனலூர். பெரிய பிள்ளைக்குக் கூடுதல் மார்க்: அரசுப் பேருந்து நம்பரில் 'என்' எழுத்து, அரசாங்க வண்டியில் 'ஜி', மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை, வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை. மார்க் குறிப்பது முன் சீட்டில் சும்மா இருப்பவர் வேலை. பின்னால் குனிந்து எழுதினால் மறுபடி வாந்திதான்.

கிலோமீட்டர் கல்லுக்கும் நிறக் கணக்கு இருக்கிறது. தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற ரோடு 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பழைய எண் 208. எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் கல்லில் எண் குறைந்துகொண்டே வருவதே ஒரு கதை.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசுக்கு ஊர்ப்பெயர் வேட்டை. பெயரின் வாலைப் பிடிக்க வேண்டும். செங்குறிச்சியும் துவரங்குறிச்சியும் ஒரு குடும்பம். கடையநல்லூரும் வாசுதேவநல்லூரும் ஒரு குடும்பம். திருமங்கலம், கல்லுப்பட்டி, ராஜபாளையம், புளியங்குடி, செங்கோட்டை ஆளுக்கொரு வால். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர். பாளையம் என்றால் படை தங்கிய இடம். திருநெல்வேலிச் சீமைக்காரரான ரா.பி. சேதுப்பிள்ளை இதைப் பற்றியே 'ஊரும் பேரும்' என்று ஒரு புத்தகம் எழுதினார். கிளம்பும் முன்னால் பெரியவர்கள் ஒரு தடவை புரட்டிவிட்டால் பன்னிரண்டு மணி நேரமும் வாய்க்கு வேலை இருக்கும். இலஞ்சி என்ற சொல்லுக்கே குளம் என்றும் மகிழ மரம் என்றும் பொருள் உண்டு. அதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கிற இடங்களும் இருக்கின்றன. பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடிக் கோட்டை ரோட்டிலிருந்தே தெரியும். மதுரையை நெருங்கும்போது ஒத்தக்கடை யானைமலை. படுத்திருக்கிற யானையின் தும்பிக்கை எது, முதுகு எது என்று பிள்ளையே சொல்லட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் வந்தால் தமிழ்நாடு அரசு முத்திரையை ஞாபகப்படுத்துங்கள். பாடப் புத்தக அட்டையில் பார்த்தது எதிரில் நிற்கும். அங்கிருந்து வலது பக்கம் மலை கூடவே வரத் தொடங்கும். புளியங்குடியில் எலுமிச்சம்பழ வியாபாரம் பெரிது. ஒரு பழம் வாங்கிக் கையில் கொடுத்தால் முகர்ந்துகொண்டே வரும்.

இருட்டிய பிறகு

ஏழு மணிக்கு மேல் ஜன்னலில் ஒன்றும் தெரியாது. அப்போது வாயும் காதும்தான். பாட்டுக்குப் பாட்டு இருக்கவே இருக்கிறது. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்தியதைத் தெற்கத்திச் சீமையில் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த வயசுத் தாத்தா, ஆச்சி வண்டியில் இருந்தால் பேரப்பிள்ளைகள் ஜெயிப்பது கஷ்டம். சமமாக இருக்கட்டும் என்றால் "இந்த வருஷத்துப் பாட்டு ஒண்ணு, பழசு ஒண்ணு" என்று மாற்றி மாற்றிப் பாடச் சொல்லலாம்.

அடுத்தது அழிப்பாங்கதை. விடுகதைக்கு எங்கள் பக்கத்து வயசானவர்கள் சொல்கிற பெயர். பழையதையே சொல்ல வேண்டியதில்லை, அன்றைக்குப் பார்த்ததை வைத்துப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டியவை சில: "நிக்கிறவன் பின்னால ஓடுறான், ஓடுறவன் உள்ள உக்காந்திருக்கான்" (ரோட்டோர மரமும் நாமும்). "மூணு கை இருக்கு, ஒரு கால் இருக்கு, நாள் முழுக்கச் சுத்தியும் ஊர் போய்ச் சேரல" (காற்றாலை). "வாசல் உண்டு, வீடு இல்ல; காசு குடுத்தாத்தான் கதவு திறக்கும்" (சுங்கச்சாவடி). இலக்கணம் பார்க்க வேண்டாம். பிள்ளை கட்டியதற்குப் பெரியவர்கள் உடனே விடை சொல்லிவிடவும் கூடாது, கொஞ்சம் திணற வேண்டும்.

கதைக்கு வேதாளத்தை விடச் சிறந்த மாதிரி கிடையாது. யோசித்துப் பார்த்தால் விக்கிரமாதித்தன் கதையே ஒரு பயணக் கதைதான். ராஜா நடக்கிறான். முதுகில் இருக்கிற வேதாளம் அலுப்புத் தெரியாமல் இருக்கக் கதை சொல்கிறது. முடிவில் ஒரு கேள்வி. தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், சொன்னால் வேதாளம் மறுபடியும் மரத்துக்குப் போய்விடும். கதை, கேள்வி, வாக்குவாதம், மறுபடியும் கதை என்று முடிவே இல்லாமல் ஓடக்கூடிய அமைப்பு. கதையை முழுதாகச் சொல்லி முடிக்காமல் "அந்த மூணு பேர்ல யார் செஞ்சது நியாயம்?" என்று நிறுத்திவிடுங்கள். பின் சீட்டில் அண்ணனும் தங்கச்சியும் அடித்துக்கொள்வதற்குப் பதில் நியாயம் பேசிக்கொண்டு வருவார்கள்.

போனும் பெல்ட்டும்

போனே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வயசுக்குக் கீழே திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த ஒரு மணி நேரத்தைக் கார் நிற்கிற இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சாப்பாடு வரும்வரை, டயருக்குக் காற்றுப் பிடிக்கும்வரை. ஓடுகிற வண்டியில் போனைக் காதுக்கு மட்டும் கொடுங்கள்: கதை, பாட்டு. மலைப்பாதையில் அறவே வேண்டாம். செங்கோட்டை தாண்டி, புளியரை வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை என்று போகிறவர்கள் இதைக் கட்டாயமாகக் கடைப்பிடியுங்கள்.

எந்த விளையாட்டுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. பிள்ளை பின் சீட்டில், பெல்ட்டோடு. வேடிக்கை காட்டுகிறேன் என்று மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவது, இரண்டு சீட்டுக்கு நடுவில் நிற்கவைப்பது, மேல் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டவிடுவது எல்லாம் ஆபத்து. முன் சீட்டில் ஏர்பேக் வெடித்தால் அடி முதலில் மடியில் இருக்கிற பிள்ளைக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 194பி பிரிவு இருக்கிறது. 14 வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். சட்டத்தை விடுங்கள். பிள்ளை பெல்ட்டைக் கழற்றுவது பெரும்பாலும் சலிப்பினால்தான். நல்ல விளையாட்டு நடந்துகொண்டிருந்தால் அது பெல்ட்டை மறந்தே உட்கார்ந்திருக்கும்.

ஓட்டுகிறவரும் ஆட்டத்தில் சேரக் கூடாது. "அப்பா, அங்க பாரு" என்று சொன்னால் ஆட்டத்திலிருந்து அவுட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, பிள்ளையைப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். ரயிலில் நடந்து தீர்த்திருக்க வேண்டிய கால் அது.

சென்னையில் வளர்கிற பிள்ளைக்கு அப்பா ஊர் என்றால் குற்றால அருவியும் ஆச்சி வீடும்தான். நடுவில் இருக்கிற 600 கிலோமீட்டர், கண் மூடித் திறந்தால் முடிந்துபோகிற ஒரு இருட்டுக் குகை மாதிரி. பாலாற்று மணலையும் யானைமலையையும் புளியங்குடி எலுமிச்சையையும் அவர்கள் வேறு எப்போது பார்க்கப் போகிறார்கள்? பள்ளிக்கூடத்தில் வரைபடமாகப் படிக்கிற நாடு, வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஜன்னலுக்கு வெளியே தானாக ஓடுகிறது. இரண்டு மூன்று பயணம் இப்படி வந்த பிள்ளை, அடுத்த தடவை நாம் சொல்லாமலே "மலை வந்துருச்சு, இனிமே ராஜபாளையம்" என்று சொல்லும்.

ஜூன், ஜூலையில் வருகிறீர்கள் என்றால் கடையநல்லூர் தாண்டியதும் ஏசியை நிறுத்திக் கண்ணாடியை விரலளவு இறக்கிப் பாருங்கள். காற்று மாறியிருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சாரலும் இருக்கும். அப்போது நூலில் மிச்சம் இரண்டே முடிச்சு.